இடமும் அடையாளமும்

நுழையும்முன்

ஒரு பொருளைச் சுட்டுவதற்கு இரண்டு வழிகள் உண்டு. 'இடப்பக்கத்தில் மூன்றாவதாக இருப்பது' என அதன் இடத்தைச் சொல்லலாம். 'இன்ன பெயருடையது' என அதன் அடையாளத்தையும் சொல்லலாம். எந்த வழியில் சொன்னாலும் மனிதர் புரிந்துகொள்வர். கணினிக்கு இவ்விரண்டும் ஒன்றல்ல. வலைப்பக்கங்களைத் தாமே இயக்கிச் சோதிக்கும் நிரல்கள் அப்பக்கங்களின் கூறுகளை எவ்வாறு கண்டறிகின்றன என்பதையும், அதில் நேரும் பிழை ஒரு தொழிலாளியின் ஊதியம்வரை எவ்வாறு சென்று சேரும் என்பதையும் இப்பாடம் விளக்குகிறது.

வழி கேட்கும் ஓட்டுநர்

திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடியில், சென்னையிலிருந்து கொல்கத்தா செல்லும் தேசிய நெடுஞ்சாலையை ஒட்டி, கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழில் வளாகம் அமைந்துள்ளது. வெளிமாநிலத்திலிருந்து சரக்கு ஏற்றி வரும் லாரி ஓட்டுநர் ஒருவர், வளாகத்தின் முகப்பில் வண்டியை நிறுத்தி, தாம் செல்லவேண்டிய தொழிற்சாலைக்கு வழி கேட்கிறார் எனக் கொள்வோம். “நேரே சென்று இடப்பக்கம் இரண்டாவது சாலையில் திரும்புங்கள், மூன்றாவது வாயில்” என்கிறார் ஒருவர். “சீட்டில் மனை எண் இருக்கும். அந்த எண் எழுதிய வாயிலைப் பாருங்கள்” என்கிறார் மற்றொருவர்.

இருவர் கூறியதும் அன்றைக்குச் சரியே. ஆனால் அச்சாலையில் வெற்றிடமாக இருந்த மனையில் அடுத்த ஆண்டு புதிய தொழிற்சாலை ஒன்று எழுந்தால், மூன்றாவது வாயில் நான்காவதாகிவிடும். முதல் வழி பிழையாகிவிட, இரண்டாவது வழி அப்படியே நிலைத்திருக்கும்.

முதல் வழியை நம்பிச் சென்ற ஓட்டுநர்கூடப் பெரிய இடருக்கு உள்ளாகமாட்டார். வாயிலில் வேறு பெயர்ப்பலகை இருப்பதைக் கண்டு, 'இது அன்று' எனத் திரும்பிவிடுவார். கணினிக்கு அந்தத் தயக்கம் இல்லை. 'மூன்றாவது வாயில்' என்று சொல்லப்பட்டால், அங்கே எது இருந்தாலும் சரக்கை இறக்கிவிடும். வலைப்பக்கச் சோதனையின் அடிப்படைச் சிக்கல் இதுவே.

வலைப்பக்கம் ஒரு மரம்

உலாவியின் திரையில் நாம் காண்பன எழுத்துகள், படங்கள், பொத்தான்கள், கட்டங்கள் ஆகியவை. உலாவியின் நினைவகத்தில் அவை அனைத்தும் ஒரு மரம்போல அடுக்கப்பட்டுள்ளன. எச்டிஎம்எல் என்னும் குறிமொழியில் ஒவ்வொரு கூறும் ஓர் ஒட்டினால் குறிக்கப்படுகிறது. பக்கம் முழுமையும் வேர், அதனுள் உடற்பகுதி, உடற்பகுதிக்குள் அட்டவணை, அட்டவணைக்குள் வரிசைகள், வரிசைக்குள் கட்டங்கள் எனக் கிளைகள் விரிகின்றன. இம்மரத்தை நிரல்கள் எவ்வாறு அணுகவேண்டும் என்பதற்கான முதல் தரநிலையை உலகளாவிய வலைச் சேர்த்தியம் 1998இல் வெளியிட்டது.

எடுத்துக்காட்டாக, ஒரு தொழிற்சாலையின் வருகைப் பதிவுப் பக்கத்தை எண்ணிப் பார்ப்போம். தொழிலாளி தம் எண்ணை உள்ளிட்டால் ஓர் அட்டவணை தோன்றும். அதன் நெடுவரிசைகள் நாள், பணிநேரம், மிகைநேரம் என மூன்று. ஒருநாள் 8 மணி நேரம் வழக்கமான பணியும் அதன்மேல் 2 மணி நேரம் மிகைநேரப் பணியும் செய்தவரின் வரிசையில் தேதியை அடுத்து 8, 2 என்னும் எண்கள் இருக்கும். மிகைநேரப் பணிக்கு வழக்கமான ஊதியத்தைப்போல் இருமடங்கு வழங்கவேண்டும் என்பது சட்டம். எனவே அந்த 2 என்னும் எண் விடுபட்டால், தொழிலாளி இழப்பது நான்கு மணி நேர ஊதியம்.

இப்பக்கம் ஒவ்வொரு முறை திருத்தப்படும்போதும் அந்த எண் சரியாகத் தோன்றுகிறதா எனப் பார்த்தாக வேண்டும். மனிதர் ஒருவர் நாள்தோறும் நூற்றுக்கணக்கான பக்கங்களைத் திறந்து, எண்களை உள்ளிட்டு, பொத்தான்களை அழுத்திச் சோதிப்பது கடினம். சலிப்பில் பிழையும் நேரும். இப்பணியை நிரலிடம் ஒப்படைப்பதே தானியங்கிச் சோதனை.

செலினியத்தின் தோற்றம்

அமெரிக்காவின் சிகாகோ நகரில் தாட்வொர்க்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய ஜேசன் ஹக்கின்ஸ், 2004ஆம் ஆண்டில் இத்தகைய கருவி ஒன்றை உருவாக்கினார். நிறுவனப் பணியாளர்கள் தம் வேலைநேரத்தையும் செலவுகளையும் பதிவுசெய்யும் உள்பயன்பாட்டு வலைச்செயலியைச் சோதிப்பதற்காகவே அக்கருவி பிறந்தது. மேலே நாம் எடுத்துக்கொண்ட பக்கமும் அவ்வகையினதே. செலினியம் எனப் பெயர் பெற்ற அக்கருவி பின்னர்த் திறந்த மூலமென்பொருளாக உலகெங்கும் பரவியது. சைமன் ஸ்டூவர்ட் உருவாக்கிய வெப்டிரைவர் என்னும் கருவியும் அதனுடன் இணைந்தது. உலாவியை நிரல்வழி இயக்கும் இம்முறையை உலகளாவிய வலைச் சேர்த்தியம் 2018இல் தரநிலையாக ஏற்றது.

> தெரியுமா?
> செலினியம் ஒரு வேதித்தனிமம். அக்காலத்தில் சோதனைக் கருவிகளை விற்றுவந்த போட்டி நிறுவனம் ஒன்றின் பெயர் மெர்க்குரி, அதாவது பாதரசம். பாதரச நஞ்சுக்குச் செலினியம் மாற்று என்று ஹக்கின்ஸ் நகைச்சுவையாகக் குறிப்பிட்டதே இப்பெயருக்குக் காரணமாயிற்று.

கண்டறியும் வழிகள்

சோதனை நிரல் ஒரு பொத்தானை அழுத்தவேண்டும் என்றால், முதலில் அப்பொத்தானைக் கண்டறிய வேண்டும். எந்தக் கூறு என்று நிரலுக்குச் சுட்டும் குறிப்பை இடங்காட்டி எனலாம். செலினியத்தில் தொன்றுதொட்டு எட்டு வகை இடங்காட்டிகள் உள்ளன. அடையாள எண், பெயர், வகுப்பு, ஒட்டின் பெயர், இணைப்பின் முழுச்சொல், இணைப்புச் சொல்லின் ஒரு பகுதி, சிஎஸ்எஸ் தேர்வி, எக்ஸ்பாத் என்பன அவை.

இவற்றுள் அடையாள எண் என்பது ஐடி என வழங்குவது. பெயரில் 'எண்' இருப்பினும் அது பெரும்பாலும் ஒரு சொல்லாகவே இருக்கும். ஒரு பக்கத்தில் ஓர் ஐடி ஒரு கூறுக்கு மட்டுமே உரியது என்பது விதி. தொழில் வளாகத்தின் மனை எண்ணுக்கு இதனை ஒப்பிடலாம். கூறு பக்கத்தின் எம்மூலைக்கு நகர்த்தப்பட்டாலும் ஐடி அதனுடனேயே செல்லும்.

ஆயினும் எல்லா ஐடிகளும் நம்பத்தக்கன அல்ல. சில மென்பொருள்கள் பக்கத்தை உருவாக்கும்போது வரிசை எண்ணைக் கொண்டு ஐடிகளைத் தாமே இட்டுக்கொள்கின்றன. அடுத்த முறை உருவாக்கும்போது அவை மாறிவிடுகின்றன. கும்மிடிப்பூண்டி வழியே செல்லும் நெடுஞ்சாலை முன்னர் 5 என்னும் எண்ணால் வழங்கியது. நாடு முழுமைக்கும் எண்முறை திருத்தப்பட்டபின் 16 ஆயிற்று. சாலை அதுவே, எண் வேறு. எனவே எண்ணை நம்பும்முன், அதனை இட்டவர் யார், எதற்காக இட்டார் என்பதை அறிதல் வேண்டும். இது கருதியே, சோதனைக்கென்றே ஒரு தனிப்பெயரைக் கூறுகளுக்கு இட்டுவைக்கும் வழக்கம் நிரலாளரிடையே தோன்றியுள்ளது.

சிஎஸ்எஸ் என்பது பக்கத்தின் நிறம், அளவு முதலிய தோற்றத்தை வரையறுக்கும் மொழி, 1996இல் தரநிலையாயிற்று. எந்தக் கூறுக்கு எந்தத் தோற்றம் என்பதைச் சொல்ல அதில் உள்ள தேர்விகளே, சோதனையில் கூறுகளைக் கண்டறியவும் பயன்படுகின்றன. எக்ஸ்பாத் என்பது மரத்தின் கிளைகளைப் பின்பற்றிச் செல்லும் வழிமொழி, 1999இல் தரநிலையாயிற்று. கூறினுள் உள்ள எழுத்துகளைக் கொண்டு தேடும் வசதி எக்ஸ்பாத்தில் உண்டு. தரநிலைச் சிஎஸ்எஸ் தேர்வியில் இல்லை.

முழுப்பாதையும் குறும்பாதையும்

எக்ஸ்பாத்தை இருவகையாக எழுதலாம். 'வேரிலிருந்து உடற்பகுதி, அதனுள் இரண்டாம் பிரிவு, அதனுள் முதல் அட்டவணை, அதனுள் நான்காம் வரிசை, அதனுள் மூன்றாம் கட்டம்' எனத் தொடக்கம் முதல் இறுதிவரை எழுதுவது முழுப்பாதை. 'வருகை அட்டவணை என்னும் ஐடி உடையதன் உள்ளே, இத்தேதிக்குரிய வரிசை' என நிலையான ஓர் அடையாளத்திலிருந்து தொடங்குவது குறும்பாதை.

முழுப்பாதையின் குறையை நம் மாவட்டத்தின் வரலாறே காட்டும். ஒரு நிலத்தைக் குறிக்க மாவட்டம், வட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு எண் என வரிசையாக எழுதுகிறோம். 1997இல் செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து பிரிந்து திருவள்ளூர் தனி மாவட்டமாயிற்று. கும்மிடிப்பூண்டியின் நிலங்களில் ஒன்றும் நகரவில்லை. எனினும் அவற்றின் முகவரியில் முதற்சொல் மாறிவிட்டது. பின்னர் 2018இல் அம்பத்தூர் சென்னை மாவட்டத்துடன் இணைந்தபோது அங்கும் அவ்வாறே நிகழ்ந்தது. வேரிலிருந்து எழுதப்பட்ட பாதையில் இடையில் எந்தக் கண்ணி மாறினாலும் பாதை முழுவதும் அறுந்துவிடும். பக்கத்தின் அழகுக்காக அட்டவணையைச் சுற்றி ஒரு சட்டகத்தைச் சேர்த்தாலே அதற்குப் போதும்.

மூன்றாம் கட்டத்தில் நேர்ந்தது

வருகைப் பதிவுப் பக்கத்துக்குத் திரும்புவோம். சோதனையாளர், 'மூன்றாம் கட்டத்தில் 2 இருக்கவேண்டும்' என எழுதிவைத்துள்ளார். சோதனைக்கென அமைத்த மாதிரித் தொழிலாளியின் மிகைநேரம் அது. சில மாதங்களுக்குப் பின், காலை, மாலை, இரவுப் பணிமுறைகளை 1, 2, 3 எனக் காட்டும் புதிய நெடுவரிசையைச் சேர்க்குமாறு தொழிற்சாலை கேட்கிறது. மாதிரித் தொழிலாளி இரண்டாம் பணிமுறையைச் சேர்ந்தவர்.

புதிய நெடுவரிசை நாளை அடுத்துச் சேர்க்கப்பட்டால், மூன்றாம் கட்டத்தில் இப்போது இருப்பது பணிநேரமாகிய 8. சோதனை தோல்வி எனக் காட்டும். உண்மையில் பக்கத்தில் பிழை ஏதுமில்லை. இது பொய் எச்சரிக்கை. இதனால் ஒருநாள் உழைப்பு வீணாகலாம். அதைவிடப் பெருந்தீமை, இத்தகைய எச்சரிக்கைகள் பலமுறை வந்தால் சோதனையின்மேல் உள்ள நம்பிக்கையே போய்விடும். 'வழக்கமாக இப்படித்தான் காட்டும்' எனப் புறந்தள்ளப்படும் நாளில் மெய்யான பிழையும் சேர்ந்தே புறந்தள்ளப்படும்.

புதிய நெடுவரிசை பணிநேரத்தை அடுத்துச் சேர்க்கப்பட்டால் நிலைமை இன்னும் மோசம். மூன்றாம் கட்டத்தில் இப்போது இருப்பது பணிமுறை எண்ணாகிய 2. சோதனை அதனைக் கண்டு 'வெற்றி' எனத் தெரிவிக்கும். மிகைநேரம் நான்காம் கட்டத்துக்குச் சென்றதை அது அறியாது. அடுத்த திருத்தத்தில் மிகைநேரம் பதிவாகாமல் போனாலும், சோதனை தொடர்ந்து 'வெற்றி' என்றே சொல்லிக்கொண்டிருக்கும். பக்கம் பயன்பாட்டுக்கு வரும். இரவில் கூடுதலாக உழைத்துவிட்டு வீடு திரும்பிய தொழிலாளி, மாத இறுதியில் ஊதியச் சீட்டைப் பார்க்கும்போதுதான் பிழை தெரியவரும்.

இதற்குத் தீர்வு, 'மூன்றாம் கட்டம்' என்பதை விடுத்து, 'மிகைநேரம் என்னும் தலைப்பின்கீழ், இத்தேதிக்குரிய வரிசையில் உள்ள கட்டம்' எனச் சுட்டுவதாகும். நெடுவரிசைகள் எவ்வாறு இடம் மாறினாலும் இக்குறிப்பு அதே கட்டத்தையே கண்டறியும். தலைப்பே இல்லாமற்போனால் சோதனை நிற்கும். தவறான கட்டத்தைப் படித்துவிட்டு வெற்றி என்று சொல்லாது.

தமிழ் எழுத்தும் குறியெண்ணும்

தலைப்பைக் கொண்டு கண்டறியும்போது தமிழுக்கே உரிய ஒரு நுட்பத்தையும் அறிதல் வேண்டும். கணினியில் ஒவ்வோர் எழுத்தும் குறியெண்ணாகவே சேமிக்கப்படுகிறது. 1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. அம்முறையில் 'தொகை' என்னும் சொல்லின் முதலெழுத்தை இருவகையில் உள்ளிடலாம். தகரத்துடன் ஒகரக்குறியைச் சேர்ப்பது ஒருவகை. தகரத்துடன் ஒற்றைக்கொம்பையும் துணைக்காலையும் தனித்தனியே சேர்ப்பது மற்றொரு வகை. முன்னதில் இரண்டு குறியெண்கள், பின்னதில் மூன்று. திரையில் இரண்டும் 'தொ' என்றே தோன்றும்.

நம் கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றுவது எக்ஸ்பாத்துக்கு இரண்டாகும். அது குறியெண்களையே ஒவ்வொன்றாக ஒப்பிடுகிறது. பக்கத்தில் ஒருவகையிலும் சோதனையில் மறுவகையிலும் 'தொகை' எழுதப்பட்டிருந்தால், கண்முன்னே இருக்கும் தலைப்பை 'இல்லை' என்று சோதனை கூறும். ஒகர, ஓகார, ஔகார உயிர்மெய்கள் அனைத்துக்கும் இது பொருந்தும். 'தொழிலாளர்', 'கோப்பு' முதலிய சொற்களும் இதில் அடங்கும். இருவகையையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் முறைக்கு இயல்பாக்கம் என்று பெயர். ஒப்பிடும்முன் இருபக்கத்துச் சொற்களையும் இயல்பாக்கம் செய்துவிட்டால் இச்சிக்கல் தீரும்.

இயல்பாக்கத்தாலும் தீராத இடம் ஒன்றுண்டு. அண்டை மாவட்டத்துத் தொழில்நகரான ஸ்ரீபெரும்புதூரின் முதலெழுத்தைச் சகரத்தின் இனமான 'ஶ' கொண்டும், 'ஸ' கொண்டும் உள்ளிட இயலும். 'ஶ' ஒருங்குறியில் 2005இல்தான் சேர்க்கப்பட்டது. இவ்விரு வடிவங்களையும் ஒருங்குறி ஒன்றெனக் கொள்வதில்லை. இவ்வகைச் சொற்களை எவ்வாறு எழுதுவது எனப் பக்கத்தை உருவாக்குவோரும் சோதிப்போரும் முன்னரே முடிவுசெய்துகொள்ள வேண்டும்.

காத்திருக்கும் முறை

கூறு எங்கே உள்ளது என்பதைப்போலவே எப்போது வரும் என்பதும் வினாவாகும். இன்றைய பக்கங்கள் ஒரே கணத்தில் முழுமையாகத் தோன்றுவதில்லை. அட்டவணையின் சட்டகம் முதலில் தோன்ற, எண்கள் சற்றுப் பின்னர் வந்து சேரும். அதற்குமுன் தேடினால் கூறு கிடைக்காது. 'ஐந்து நொடி காத்திரு' என எழுதுவது எளிய வழி. நல்ல வழி அன்று. தொடர்வண்டிக் கடவுப்பாதையில் நிற்பவர் ஐந்து நிமிடத்தைக் கணக்கிட்டுக்கொண்டு தண்டவாளத்தைக் கடப்பதில்லை. கதவு திறந்தபின் கடக்கிறார். அதுபோலச் சோதனையும் 'அட்டவணையில் இத்தேதி தோன்றும்வரை காத்திரு' என நிபந்தனையோடு எழுதப்படவேண்டும்.

பார்வையற்றோருக்கும் உரிய பெயர்

சோதனை நிரலைப்போலவே பக்கத்தைக் கண்ணால் காணாமல் பயன்படுத்துவோர் மனிதரிலும் உளர். பார்வைக் குறைபாடு உடையோர் திரைபடிப்பான் என்னும் மென்பொருளின் துணையால் பக்கத்தைக் கேட்டறிகின்றனர். பார்வையற்ற இளைஞர்களான மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே ஆகிய இருவர் ஆஸ்திரேலியாவில் உருவாக்கிய என்விடிஏ என்னும் கட்டணமில்லாத் திரைபடிப்பான், உலகின் பல நாடுகளில் பயன்பாட்டில் உள்ளது. ஒரு பொத்தானின்மேல் சென்றதும், 'பதிவு செய், பொத்தான்' என அதன் பெயரையும் பணியையும் திரைபடிப்பான் ஒலிக்கும். வெறும் படத்தை மட்டும் இட்டு, பெயர் தராமல் விட்டிருந்தால் 'பொத்தான்' என்று மட்டுமே ஒலிக்கும். அது எதற்கான பொத்தான் என்பது கேட்பவருக்குத் தெரியாது.

கூறுகளின் பணியையும் பெயரையும் திரைபடிப்பானுக்கு உணர்த்தும் தரநிலை 2014இல் வெளியாயிற்று. மைக்ரோசாப்ட் நிறுவனம் 2020இல் வெளியிட்ட பிளேரைட் முதலிய அண்மைக்காலச் சோதனைக் கருவிகள், கூறுகளை இவ்வழியிலேயே கண்டறியுமாறு பரிந்துரைக்கின்றன. 'பதிவு செய் என்னும் பெயருடைய பொத்தான்' எனத் தேடும் சோதனைக்கு அது கிடைக்கவில்லை என்றால், திரைபடிப்பானைப் பயன்படுத்துபவருக்கும் அது கிடைக்காது என்று பொருள். ஆகவே இவ்வழியில் எழுதப்படும் சோதனை, பக்கம் சரியாக இயங்குகிறதா என்பதோடு எல்லாருக்கும் எட்டுகிறதா என்பதையும் ஓரளவு காட்டிவிடுகிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 தகவல் தொழில்நுட்ப வசதிகள் அவர்களுக்கு எட்டும் வகையில் அமைதல் வேண்டும் என வலியுறுத்துவதும் இங்கு நினைவுகொள்ளத்தக்கது.

நிறைவாக

கூறுகளைக் கண்டறிதல் சோதனையாளர் ஒருவரின் திறமையால் மட்டும் அமைவதன்று. பக்கத்தை உருவாக்குபவர் ஒவ்வொரு கூறுக்கும் பொருளுள்ள பெயரை இடவேண்டும். சோதிப்பவர் அப்பெயரைக் கொண்டே கூறினைத் தேடவேண்டும். பெயரை மாற்ற நேர்ந்தால் ஒருவர் மற்றவருக்குத் தெரிவிக்கவேண்டும். சோதனையைத் தொடங்கும் எவரும் 'இக்கூறு எங்கே உள்ளது?' என்பதற்குமுன் 'இக்கூறு எது?' எனக் கேட்டுக்கொள்வது நன்று. அவ்வினாவுக்குச் சரியான விடை கிடைத்தால், அட்டவணை எத்தனை முறை மாறினாலும் தொழிலாளியின் மிகைநேரம் சோதனையின் கண்ணிலிருந்து தப்பாது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியை இடத்தைக் கொண்டு ஒருமுறையும், மாறாத அடையாளங்களைக் கொண்டு ஒருமுறையும் எழுதுக. ஐந்தாண்டு கழித்து எது பயன்படும் என வகுப்பில் கலந்துரையாடுக.

2. நீங்கள் அறிந்த வலைப்பக்கம் ஒன்றில் பெயரின்றிப் படம் மட்டும் உள்ள பொத்தான்களைத் தொகுத்து, ஒவ்வொன்றுக்கும் பொருத்தமான தமிழ்ப்பெயர் தருக.

3. ஒகர, ஓகார, ஔகார உயிர்மெய் வரும் பத்துச் சொற்களைக் கணினியில் இருவகையாகவும் உள்ளிட்டு, ஒன்றைத் தேடும்போது மற்றொன்று கிடைக்கிறதா எனச் சோதித்துப் பட்டியலிடுக.

மதிப்பீடு

குறுவினா

1. முழுப்பாதை, குறும்பாதை – வேறுபடுத்துக.

2. 'ஐந்து நொடி காத்திரு' என எழுதுவது ஏன் நல்ல வழி அன்று?

சிறுவினா

1. பொய் எச்சரிக்கையைவிடப் பொய்யான வெற்றி தீங்கு மிக்கது என்பதை எடுத்துக்காட்டுடன் விளக்குக.

2. 'தொகை' என்னும் சொல்லைச் சோதனை நிரல் கண்டறியாமற்போவதற்கான காரணத்தையும் தீர்வையும் எழுதுக.

நெடுவினா

வலைப்பக்கக் கூறுகளை இடத்தால் சுட்டுவதைவிட அடையாளத்தால் சுட்டுவது சிறந்தது என்பதைப் பாடப்பகுதிவழி நிறுவுக.